ஆடியில் ஒரு தையல்கடை

வணக்கம் அம்மா,

விருதுநகரில் சின்னதாகத் தையல்கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட்டும் சுடிதாரும்தான் அதிகம். ஜூனில் பள்ளிச் சீருடை முடிந்ததோடு வேலை படுத்துவிட்டது. ஆடி என்பதால் முகூர்த்தமும் கிடையாது. உதவிக்கு இரண்டு பெண்கள், பீஸ் கணக்கில் கூலி. மூன்று பேரும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். துணிக்கடைகள் மாதிரி நானும் தள்ளுபடி போடலாமா? இல்லை, ஆவணி வரை இவர்களை நிறுத்திவிடலாமா? இந்த நாட்களை எப்படி உருப்படியாக்குவது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

தள்ளுபடி வேண்டாம். துணிக்கடைக்காரரிடம் சரக்கு தேங்கிக் கிடக்கிறது. தீபாவளிச் சரக்கு இறங்குவதற்குள் அதைப் பணமாக்க வேண்டும், அதனால் விலையைக் குறைக்கிறார். நீங்கள் விற்பது கைவேலை. 300 ரூபாய் ஜாக்கெட்டை இன்று 200க்குத் தைத்துக் கொடுத்தால், ஐப்பசியிலும் அதே 200ஐத்தான் நீட்டுவார்கள்.

ஆனால் அந்தத் தள்ளுபடியில் எடுத்த சேலைகள் இப்போது உங்கள் வாடிக்கையாளர்களின் பீரோவில் இருக்கின்றன. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது எல்லாம் ஒன்றாக வந்து உங்கள் மேசையில் விழும். பாதியைத் திருப்பி அனுப்புவீர்கள், மீதியை ராத்திரி கண்விழித்துத் தைப்பீர்கள். இப்போதே ஒவ்வொருவராகப் போன் செய்து கேளுங்கள். "இப்ப குடுத்தீங்கன்னா ஒரு தடவை போட்டுப் பார்த்து, திருத்தம் இருந்தா சரிபண்ணி வாங்கிக்கலாம்" என்று சொல்லுங்கள். விலையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்க வேண்டியதில்லை. ஐப்பசியில் இந்த வாக்கை உங்களால் யாருக்கும் கொடுக்க முடியாது.

அடுத்து, உங்கள் அளவு நோட்டை எடுங்கள். போன தீபாவளிக்குத் தைத்ததில் ஆல்டரேஷனுக்குத் திரும்பி வந்தவை எவை? கையைத் தூக்கினால் இழுக்கிறது, தோளில் நிற்காமல் வழிகிறது, இடுப்பில் இறுக்குகிறது என்று ஆளாளுக்குச் சொல்லியிருப்பார்கள். வெவ்வேறு உடம்புக்காரர்களிடமிருந்து ஒரே குறை திரும்பத் திரும்ப வந்திருந்தால், கோளாறு உங்கள் வெட்டில் இருக்கிறது. பழைய துணியில் அக்குள் வளைவைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி வெட்டித் தைத்து, உங்கள் உதவிப் பெண்ணையே அதைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். சரியாக வந்ததை அட்டையில் வெட்டி, அளவு எழுதி மாட்டிவையுங்கள். தையல்காரருக்கு இதைவிடப் பெரிய முதலீடு இல்லை என்றே நினைக்கிறேன்.

லைனிங் துணி விஷயமும் அப்படித்தான். அவசரத்தில் நனைக்காமல் வைத்துத் தைத்துவிடுகிறார்கள். முதல் சலவையில் உள்துணி சுருங்கி, மேலே இருக்கும் பட்டு மடிப்பு மடிப்பாக நிற்கிறது. வழக்கமாகப் போகும் நிறங்களை இப்போதே நனைத்து, ஆடிக்காற்றில் உலர்த்தி, இஸ்திரி போட்டு அடுக்கிவிடுங்கள். பைப்பிங், பின்கழுத்துக் கயிறு, குஞ்சம் எல்லாம் முன்கூட்டியே செய்துவைக்கக் கூடியவை. மெஷினையும் ஒருநாள் பிரித்து, துணியை நகர்த்தும் பல்லுக்கு அடியிலும், அடிநூல் ஓடும் ஷட்டிலிலும் அடைந்திருக்கும் பஞ்சை எடுத்து எண்ணெய் விடுங்கள்.

இதையெல்லாம் செய்ய ஆள் வேண்டும். அந்தப் பெண்களை நிறுத்தாதீர்கள். ஆடியில் நிறுத்தினால் வேறு கடைக்குப் போய்விடுவார்கள், ஐப்பசியில் கை பழகாத புது ஆளோடு திண்டாட வேண்டிவரும். அதைவிட, ஆடியிலும் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். பீஸ் இல்லாத நாளுக்கு, குறைவாக இருந்தாலும், ஒரு நாள்கூலி பேசிக்கொள்ளுங்கள். பணத்துக்கு வழி, சீசனில் தைக்கும் ஒவ்வொரு ஜாக்கெட்டிலிருந்தும் 20 ரூபாயைத் தனியே போட்டுவைப்பது. 300 ஜாக்கெட் தைத்தால் 6,000 ரூபாய் சேரும். இந்த வருஷம் கையைக் கடிக்கத்தான் செய்யும். முழுக்கூலி முடியாவிட்டால் முறைவைத்துப் பாதிநாள் வரச் சொல்லுங்கள், ஆடிக் கூழுக்கும் குலதெய்வம் கோயிலுக்கும் நிம்மதியாகப் போய்வரட்டும்.

இன்னொன்று. தையல் தொழிலாளர்களுக்குத் தமிழக அரசின் நல வாரியம் இருக்கிறது. பிள்ளைகளின் படிப்பு, திருமணம், மகப்பேறு இவற்றுக்கு உதவித்தொகையும், 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியமும் உண்டு. உங்கள் பெண்கள் இருவரும் பதிவு செய்திருக்கிறார்களா? நீங்கள்? பலர் பதிவதே இல்லை, பதிந்தவர்களும் புதுப்பிக்க மறந்துவிடுகிறார்கள். ஆதாரையும் ரேஷன் கார்டையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே மூன்று பேரும் இ-சேவை மையத்துக்குப் போய்விட்டு வாருங்கள்.