குறைந்த செலவில் எடுத்த நகைச்சுவைப் படத்தின் டிவிடியில் மேலதிகமாக எவற்றைச் சேர்க்கலாம்?

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்தில் நண்பர்கள் சேர்ந்து 90 நிமிட நகைச்சுவைப் படமொன்றை எடுத்து முடித்திருப்பதாகவும், தீபாவளிக்கு ஊர் திரும்புகிறவர்கள் வாங்கிச் செல்லும்படி அதை டிவிடியாகக் கொண்டுவர எண்ணுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பெரிய படங்களின் வட்டுகளில் இருப்பவை எல்லாம் உங்கள் வட்டிலும் வேண்டுமா என்பது உங்கள் கேள்வி. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நாங்களும் இப்படி ஒரு படம் எடுத்து, நாங்களே வட்டில் பதிந்து, கடை கடையாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். எல்லாம் வேண்டியதில்லை என்பதே என் பதில். உங்கள் படத்தில் வேலை செய்தவர்களைத் தவிர வேறு எவராலும் தர முடியாதவற்றை மட்டும் சேருங்கள். அவற்றுள்ளும் குரல் விளக்கத்தை முதலில் செய்யுங்கள்.

படம் ஓடும்போது அதைப் பார்த்துக்கொண்டே அதை எடுத்தவர்களும் நடித்தவர்களும் பேசுவதைத் தனி ஒலித்தடமாகச் சேர்ப்பதைத்தான் குரல் விளக்கம் என்கிறேன். இடக் கணக்கைப் பார்த்தாலே அதன் அருமை விளங்கும். ஒற்றை அடுக்கு டிவிடி 4.7 கிகாபைட் கொள்ளும். 90 நிமிடப் படத்தை நொடிக்கு 5 மெகாபிட் வீதம் அடக்கினால் காட்சிக்கு மட்டும் ஏறக்குறைய 3.4 கிகாபைட் போய்விடும். ஒலித்தடமோ நொடிக்கு 192 கிலோபிட் வீதம் வைத்தால் முழுப் படத்துக்கும் 130 மெகாபைட்தான் ஆகும். படத்தின் ஒலியையும் குரல் விளக்கத்தையும் சேர்த்த பின் எஞ்சுவது ஒரு கிகாபைட்டுக்குச் சற்று மேல். அதில் அதே தரத்தில் அரை மணி நேரக் காட்சிகூட அடங்காது. அதாவது, பத்து நிமிடப் பேட்டி பிடிக்கும் இடத்தின் மூன்றிலொரு பங்கில் 90 நிமிடப் பேச்சு உட்கார்ந்துவிடுகிறது. பணமும் இடமும் குறைந்த படத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் அதைப் பதிவுசெய்ததில் முதல் முறை தோற்றுப்போனோம். யூன் மாதத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லயத்தில், ஒரு வீட்டின் உள்காம்பராவில் உட்கார்ந்து பேசினோம். படத்தின் நடுப்பகுதி வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் மூவர் பேசியதில் ஒரு சொல்லும் மிஞ்சவில்லை. பிறகு மழை குறைந்த சனவரியில், சுவர்களில் கம்பளிகளைத் தொங்கவிட்டு, ஆளுக்கொரு ஒலிவாங்கி வைத்து மறுபடி பதிந்தோம். அப்போது கற்றுக்கொண்ட இன்னொன்று, பேசுகிறவர்கள் அனைவரும் படத்தின் ஒலியைக் காதில் மாட்டும் ஹெட்போனில் மட்டுமே கேட்க வேண்டும் என்பது. அறையில் ஒலிக்கவிட்டால் அது ஒலிவாங்கிக்குள் புகுந்துவிடும். பின்னர் படத்தின் ஒலியைத் தாழ்த்திக் கலக்கும்போது ஒவ்வொரு வசனமும் இரண்டு முறை கேட்கும்.

யார் பேசுவது என்பதில் அவசரப்படாதீர்கள். இயக்குநர் மட்டும் பேசினால் பதினைந்து நிமிடத்தில் நன்றி சொல்லி முடித்துவிடுவார். எங்களோடு உட்கார்ந்தவர்களில் ஒருவர் மலையகத் தோட்டங்களில் ஆடும் நாட்டார் கூத்தான காமன் கூத்தில் பல ஆண்டுகள் வேடம் கட்டியவர். படத்தில் ஓய்வுபெற்ற கங்காணியாக நடித்திருந்தார். மாசி மாதத்து இரவுகளில் தப்புப் பறையின் அடிக்கு ஏற்றபடி வசனத்தை நிறுத்தி, கூட்டம் சிரித்து ஓயும்வரை காத்திருந்து, அடுத்த அடியில் பிடித்துக்கொள்ளும் வழக்கத்தை அவர் விளக்கினார். கமராவுக்கு முன்னால் சிரிக்க எவரும் இல்லாததால் அந்த இடைவெளியைத் தன் மனத்துக்குள்ளேயே எண்ணிக்கொண்டதாகவும் சொன்னார். படத்தொகுப்பில் அந்த இடைவெளிகளை நாங்கள் அறியாமல் வெட்டியிருந்தோம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. நகைச்சுவையைப் பற்றி நான் கேட்ட பாடங்களில் அதுவே மிகப் பெரியது. அது அந்த ஒலித்தடத்தில் மட்டும்தான் இருக்கிறது. ஆகவே அத்தகைய ஒருவரையும், சமையல் செய்தவரையோ வேன் ஓட்டியவரையோ இன்னொருவராகவும் கட்டாயம் உட்கார வையுங்கள். மூவருக்கு மேல் போனால் குரல்கள் ஒன்றோடொன்று மோதும். திரையில் தெரிவதையே வாயாலும் சொல்லவோ, நகைச்சுவை ஏன் சிரிப்பானது என்று விளக்கவோ எவரையும் விடாதீர்கள்.

அடுத்து, படப்பிடிப்பில் தவறிப்போன காட்சிகளின் தொகுப்பு. நகைச்சுவைப் படம் என்றால் இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். இதில் நாங்கள் செய்த பிழையை மறைக்காமல் சொல்ல வேண்டும். கொழுந்து எடுக்கும் வேலையிலிருந்து நேரே வந்து நடித்துக்கொடுத்த அம்மா ஒருவர், அலுவலகக் காட்சியில் ஓர் உத்தியோகத்தரின் பதவிப் பெயரைச் சொல்ல முடியாமல் ஏழெட்டு முறை தடுமாறினார். அந்த இடத்தில் அவரும் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். அந்தத் தடுமாற்றங்களை ஒன்றன்பின் ஒன்றாக வெட்டி ஒட்டி வட்டில் சேர்த்துவிட்டோம். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்த அவருடைய மகன், உடன் வேலை செய்கிறவர்களுக்குப் பெருமையோடு அந்த வட்டைப் போட்டுக் காட்டியிருக்கிறார்; அவர்கள் அந்தப் பகுதியைத் திரும்பத் திரும்ப ஓட்டி, அவருடைய தாயின் பேச்சைச் சொல்லிக்காட்டிச் சிரித்திருக்கிறார்கள். அவர் ஊருக்கு வந்து எங்கள் இஸ்தோப்பில் (வீட்டு முன்திண்ணையில்) உட்கார்ந்து, “அண்ணே, எங்க அம்மாவ நீங்க கேட்டு இதப் போட்டிங்களா?” என்று மட்டும் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. மிச்சமிருந்த பிரதிகளைக் கடைகளிலிருந்து திரும்ப வாங்கி, அந்தப் பகுதியை எடுத்துவிட்டு மறுபடி பதிந்தோம்.

தோட்டத்துப் பேச்சை வெளியில் கேலிக்கு எடுத்துக்கொண்ட காலம் நீண்டது. நம் படமே அதற்கு இன்னொரு துண்டைக் கொடுத்துவிடக் கூடாது. தவறிய காட்சிகளைச் சேர்ப்பதென்றால் மூன்று நான்கு நிமிடத்தோடு நிறுத்துங்கள். கமராவை விழுத்தியவர், வசனத்தை மறந்த இயக்குநர், காட்சிக்குள் புகுந்த ஆடு என்று குழுவின் தடுமாற்றங்களையே பெரும்பாலும் வையுங்கள். அதில் முகம் தெரிகிற ஒவ்வொருவருக்கும் வீட்டாரோடு உட்கார்ந்து இறுதி வடிவத்தைப் பார்க்கச் சந்தர்ப்பம் கொடுத்து, அவர்கள் வாய்திறந்து சம்மதம் சொன்ன பிறகே வட்டில் ஏற்றுங்கள். தலையசைப்பைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நீக்கிய காட்சிகளில் ஒன்றோ இரண்டோ போதும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் முன்னால், ஏன் நீக்கினீர்கள் என்பதை இரண்டு வரியில் சொல்லுங்கள். காரணம் இல்லாத நீக்கிய காட்சி வெறும் மிச்சம். இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் அமெரிக்காவில் 1994இல் வெளிவந்த ‘கிளார்க்ஸ்’. கெவின் ஸ்மித் தான் வேலை செய்த கடையிலேயே, கடை மூடிய இரவுகளில், 27,575 டொலர் செலவில் எடுத்த கறுப்பு வெள்ளை நகைச்சுவைப் படம் அது. முதலில் அதன் முடிவில் கடைக்காரப் பையனைக் கொள்ளையன் ஒருவன் சுட்டுக் கொன்றுவிடுகிறான். அந்த முடிவு வெளியீட்டுக்கு முன் வெட்டப்பட்டு, பின்னர் வீட்டுப் பதிப்பில் தனியாகச் சேர்க்கப்பட்டது. அதைப் பார்க்கிற எவருக்கும், ஒரு சின்னக் காட்சி ஒரு முழு நகைச்சுவையையும் எப்படி வேறொன்றாக மாற்றியிருக்கும் என்பது உடனே விளங்கிவிடும். நீக்கிய காட்சி அப்படி எதையாவது விளக்க வேண்டும்.

படம் உருவான விதத்தைக் காட்டும் பகுதிக்குப் பத்து நிமிடம் தாராளம். ஏறக்குறைய 7,000 டொலரில் முதற்படத்தை எடுத்த அமெரிக்க இயக்குநர் ரொபர்ட் ரொட்ரிகஸ், காசில்லாமல் எடுக்கும் வழிகளைப் பத்து நிமிடப் பாடமாகவே தன் வட்டில் சேர்த்தார். அதில் புகழுரை இல்லை, செய்முறைதான் இருக்கிறது. உங்களிடமும் அது இருக்கும். வெயிலைத் திருப்ப ரிஜிபோம் (தெர்மோகோல்) அட்டையைப் பிடித்து நின்ற பையனைக் காட்டுங்கள். நம் மலையில் பனிமூட்டம் செய்யும் வேலையைக் காட்டுங்கள்: ஒருவர் பேசும்போது பின்னால் மலை முழுதும் தெரிகிறது, பதில் சொல்கிறவரைத் திருப்பி எடுப்பதற்குள் மூட்டம் இறங்கி மலையே இல்லை. இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அதை எப்படிச் சமாளித்தீர்கள் என்று சொன்னால், அடுத்ததாகப் படம் எடுக்கப்போகும் தலவாக்கலைப் பையனுக்கு அது உதவும். முன்னோட்டம், நிழற்படங்கள் போன்றவற்றை இடம் மிஞ்சினால் சேருங்கள்.

வசன வரிகளை மேலதிகமாகக் கருதாமல் அவசியமாகக் கருதுங்கள். டிவிடியில் 32 வசனவரித் தடங்கள்வரை வைக்கலாம். சிங்களமும் ஆங்கிலமும் நமக்குப் போதும். டிவிடியில் வசன வரிகள் எழுத்தாக அன்றிப் படமாகவே பதியப்படுவதால், எந்தக் கருவியில் போட்டாலும் சிங்கள எழுத்தும் தமிழ் எழுத்தும் சிதையாமல் வரும். அதே படத்தைப் பென் ட்ரைவில் கொடுத்து, வசன வரியைத் தனிக் கோப்பாக வைத்தால் பல தொலைக்காட்சிகளில் வெறும் கட்டங்கள்தான் தெரியும். டிவிடி கருவியே இல்லாத வீடுகள் இப்போது பெருகிவிட்டதால் நீங்கள் பென் ட்ரைவிலும் கொடுக்க வேண்டிவரும். அந்தப் பிரதியில் வசன வரியைக் காட்சியோடு சேர்த்துப் பதிந்துவிடுங்கள். யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் பார்ப்பவர்களுக்குப் பிரட்டு, தொங்கல் லயம், படங்கு போன்ற சொற்கள் புரியாமல் போகலாம். அவற்றைப் பட்டியலாக எழுதிப் போடாமல், அவற்றை நாளும் பேசுகிற ஒருவரை இஸ்தோப்பில் உட்காரவைத்து ஐந்து நிமிடம் சொல்லச் செய்யுங்கள்.

யூடியூபில் ஏற்றும் எண்ணம் இருந்தால், பின்னணிக் காட்சிகளில் தேநீர்க் கடை வானொலியிலோ பஸ்ஸிலோ சினிமாப் பாட்டு ஒலிக்கிறதா என்று முழுதும் கேட்டுப் பாருங்கள். பத்து வினாடிப் பாட்டுக்கும் உரிமைக் கோரிக்கை வரலாம். கடைசியாக, வெட்டாத மூலக் காட்சிகள் அனைத்தையும் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் ஏற்றி, காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு இரண்டு வேறு வீடுகளில் வையுங்கள். நாங்கள் ஒரே வீட்டில் வைத்தோம். ஒரு மழைக்காலத்துக்குப் பின் அந்தக் கூத்துக்காரரின் வெட்டாத காட்சிகளில் பாதியைத் திறக்க முடியவில்லை. அவர் நடிப்பின் அந்த இடைவெளிகளை இப்போது திரும்ப ஒட்ட நினைத்தாலும் எங்களிடம் அவை இல்லை.