ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டுக்குக் குடும்பமாகப் போகிறோம், டைனிங் பிளான் எடுத்தால் உண்மையிலேயே பணம் மிச்சமாகுமா?

கேள்வியில் நீங்கள் கொடுத்திருக்கும் விவரத்தை வைத்தே சொல்கிறேன். நீங்கள் இரண்டு பேர், 6 வயதில் ஒரு பிள்ளை, 11 வயதில் ஒரு பிள்ளை, கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கும் மாமனார் மாமியார், அவர்கள் சுத்த சைவம், டிஸ்னி ஹோட்டலிலேயே 4 இரவு. இந்தக் குடும்பத்துக்கு வேண்டாம், எடுக்காதீர்கள். ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன், ஏனென்றால் வேறு மாதிரியான குடும்பத்துக்கு இதே பிளான் லாபமாகவும் இருக்கும்.

முதலில் இது என்ன என்று பார்த்துவிடலாம். டிஸ்னி ஹோட்டலில் தங்குகிறவர்கள் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே பணம் கட்டிவிடும் திட்டம் இது. கொரோனா சமயத்தில் நிறுத்தி வைத்திருந்த இந்தத் திட்டத்தை 2024 ஜனவரியில் மறுபடி கொண்டுவந்தார்கள். இரண்டு வகை. குவிக் சர்வீஸ் பிளானில் ஓர் இரவுக்கு ஒருவருக்கு இரண்டு கவுண்டர் சாப்பாடு, ஒரு ஸ்நாக். பெரிய பிளானில் உட்கார்ந்து சாப்பிடும் டேபிள் சர்வீஸ் சாப்பாடு ஒன்று, கவுண்டர் சாப்பாடு ஒன்று, ஒரு ஸ்நாக். இரண்டிலும் ஹோட்டலில் நிரப்பிக் குடிக்கிற மக் ஒன்று தருவார்கள், அதை பார்க்குக்குள் நிரப்ப முடியாது. 2024-ல் வந்த விலை, ஓர் இரவுக்கு, வரியோடு சேர்த்து: குவிக் சர்வீஸ் பெரியவருக்கு 57.01 டாலர், குழந்தைக்கு 23.83. பெரிய பிளான் பெரியவருக்கு 94.28, குழந்தைக்கு 29.69. அதற்குப் பிறகு விலை ஏறியிருக்கிறது, ஆகவே உங்கள் தேதிக்கு என்ன விலை என்று பார்த்து அதைப் போட்டுக்கொள்ளுங்கள். கணக்கின் போக்கு மாறாது.

நிறைய பேர் இதை அன்லிமிடெட் மீல்ஸ் மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை, டோக்கன்தான். இத்தனை இரவு தங்கினால் இத்தனை கிரெடிட், மொத்தமாக வரும், எந்த நாளில் வேண்டுமானாலும் செலவழிக்கலாம், ஆனால் செக்-அவுட் செய்யும் நாள் நள்ளிரவோடு மிச்சமிருப்பது போய்விடும், பணமாகத் திரும்பாது. இன்னொன்று, நாளுக்கு இல்லை, இரவுக்கு. 4 இரவு என்றால் நீங்கள் அங்கே இருப்பது 5 நாள், கிரெடிட் நாலுக்குத்தான். அப்புறம், ஒரே அறைப் பதிவில் இருக்கும் 3 வயது நிறைந்த எல்லோரும் எடுத்தாக வேண்டும், ஒருவருக்கு மட்டும் வாங்க முடியாது. 10 வயது ஆனாலே பெரியவர் விலை, அதனால் உங்கள் 11 வயதுப் பிள்ளைக்கும் 57.01 அல்லது 94.28.

இப்போது உங்கள் குடும்பத்துக்கு மொத்தம் என்ன ஆகிறது? பெரியவர் விலையில் ஐந்து பேர், குழந்தை விலையில் ஒருவர், 4 இரவு. குவிக் சர்வீஸ் என்றால் 1,235 டாலர். பெரிய பிளான் என்றால் 2,004 டாலர். டேபிள் சர்வீஸ் உணவகங்களில் டிப்ஸ் இதற்குள் வராது, ஆறு பேராக உட்கார்ந்தால் 18 சதவீதம் அவர்களே பில்லில் சேர்த்துவிடுவார்கள், அதையும் கையிலிருந்துதான் கொடுக்க வேண்டும். சாப்பாட்டுக்கு முன்பே பணம் கட்டிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இதுதான் பெரிய அதிர்ச்சி.

பிளான் இல்லாமல் அதே ஆறு பேர் எப்படிச் சாப்பிடுவார்கள் என்று நிஜமாக யோசித்துப் பாருங்கள். நான் எப்போதும் செய்வது இதுதான், யாராவது கேட்டால் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். பிளானின் விலையைத் தொடவே கூடாது, முதலில் நம் வீட்டு ஆட்கள் ஒரு நாளில் என்ன சாப்பிடுவார்கள் என்பதை மெனுவைப் பார்த்து எழுத வேண்டும். டிஸ்னி இணையதளத்திலும் செயலியிலும் எல்லா உணவகத்தின் மெனுவும் விலையோடு இருக்கிறது. முழு எண்ணாக்கிச் சொல்கிறேன்: கவுண்டரில் ஒரு பிரதான உணவு சுமார் 14 டாலர், குழந்தை உணவு 8, சோடா 5. காலை உணவு அறையிலேயே, மளிகை டெலிவரி ஹோட்டலுக்கே வரும், அறையில் சின்ன ஃபிரிட்ஜ் இருக்கிறது. மதியம் ஐந்து பிரதான உணவு, ஒரு குழந்தை உணவு, பிள்ளைகளுக்கு இரண்டு சோடா, வரி 6.5 சதவீதம் சேர்த்து 94 டாலர். பெரியவர்கள் தண்ணீர் குடிப்பார்கள், கவுண்டரில் கேட்டால் ஐஸ் தண்ணீர் இலவசமாகத் தருவார்கள், இதற்குத் தயங்கவே வேண்டாம். சாயந்திரம் நாலு பேருக்கு ஐஸ்கிரீமோ பாப்கார்னோ, 28 டாலர். இரவும் மதியம் மாதிரியே 94. ஆக ஒரு நாளைக்கு 216, நாலு நாளைக்கு 864.

இதில் ஓர் இரவுச் சாப்பாட்டை எடுத்துவிட்டு, மிக்கி மவுஸ் மேஜைக்கு வந்து பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொள்கிற கேரக்டர் பஃபே ஒன்றைப் போடுவோம். பெரியவருக்கு 67, குழந்தைக்கு 42 என்று வைத்தால் ஆறு பேருக்கு 377, வரியும் 18 சதவீத டிப்ஸும் சேர்த்து 470. இப்போது மொத்தம் 1,240 டாலர். அதாவது குவிக் சர்வீஸ் பிளானுக்குக் கொடுக்கும் அதே பணத்தில், அந்த பிளானில் கிடைக்கவே கிடைக்காத ஒரு பஃபே டிப்ஸோடு உள்ளே வந்துவிட்டது. பெரிய பிளானோடு ஒப்பிட்டால் 760 டாலருக்கு மேல் கையில் நிற்கிறது. இதிலும் நான் யாரையும் பட்டினி போடவில்லை, மாமியார் ஒரு முழு உணவைச் சாப்பிட்டு முடிப்பார் என்று எடுத்துக்கொண்டுதான் போட்டிருக்கிறேன். பார்க்கில் தரும் அளவைப் பார்த்தால் இரண்டு பெரியவர்கள் பகிர்ந்து சாப்பிடுவதுதான் நடக்கும்.

ஏன் இப்படி ஆகிறது என்றால், அந்த விலை ஒரு குறிப்பிட்ட மாதிரி சாப்பிடுகிறவரை மனதில் வைத்துப் போட்டது. பெரிய பிளானின் டேபிள் சர்வீஸ் கிரெடிட்டில் ஒரு பிரதான உணவு, ஒரு இனிப்பு, ஒரு பானம் அடக்கம். பானம் என்பதில் 21 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு பீர், ஒயின், காக்டெயில் எல்லாம் வரும். மாட்டிறைச்சி ஸ்டேக், 17 டாலர் காக்டெயில், சாப்பிட்டு முடித்ததும் 10 டாலர் இனிப்பு, மதியம் கவுண்டரில் ஒரு பீர் என்று நாலு நாளும் போகிற ஆளுக்கு 94 டாலர் மீண்டுவிடும். சைவ உணவு அதே மெனுவில் பல டாலர் விலை குறைவு, ஆனால் போவது அதே ஒரு கிரெடிட். குடிப்பழக்கம் இல்லாத, மாட்டிறைச்சி தொடாத, சாப்பிட்டதும் இனிப்பு வேண்டாம் என்கிற வீட்டுக்கு ஒவ்வொரு கிரெடிட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக நஷ்டம் சேர்கிறது. சில பேர் "நான் எல்லா கிரெடிட்டையும் விலை அதிகமான ஐட்டத்துக்கே போட்டேன், 150 டாலர் மிச்சம்" என்று எழுதுவார்கள். பிளான் இல்லாவிட்டால் அந்த ஐட்டத்தை அவர்கள் வாங்கியிருப்பார்களா? வாங்கியிருக்க மாட்டார்கள் என்றால் அது மிச்சம் இல்லை. கடைசி நாளில் மீந்துபோன ஸ்நாக் கிரெடிட்டைத் தீர்ப்பதற்காகவே மிட்டாய்க் கடையில் வரிசையில் நிற்கிற குடும்பங்களைப் பார்த்தால் இது புரியும்.

உங்கள் மாமனார் மாமியார் விஷயத்தில் இன்னும் ஒன்று. நம் ஆட்கள் உணவகத்தில் நாலைந்து ஐட்டம் வாங்கி நடுவில் வைத்துப் பகிர்ந்துதான் சாப்பிடுவார்கள், பிளானோ ஆளுக்கு ஒரு பிரதான உணவு என்ற கணக்கில் ஓடுகிறது, முன்னுணவு எதுவும் அதில் வராது. அனிமல் கிங்டம் லாட்ஜில் சனா என்று ஓர் உணவகம் இருக்கிறது, அங்கே பிரெட் சர்வீஸ் வாங்கினால் நாண் மாதிரி ரொட்டிகளோடு மாங்காய்ச் சட்னி, புளிச் சட்னி, வெள்ளரி ரைத்தா, பூண்டு ஊறுகாய் என்று ஒரு தட்டு நிறைய வரும், ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி மேய்ந்துகொண்டிருக்கும். பெரியவர்கள் சந்தோஷமாகச் சாப்பிடும் இடம் அது, காசு கொடுத்துச் சாப்பிடுங்கள். அனிமல் கிங்டம் பார்க்குக்குள் சதுலி கேன்டீனில் டோஃபு போட்ட கிண்ண உணவும் நன்றாக இருக்கும். மெனுவில் இலைக் குறி போட்டிருந்தால் அது முழுக்கத் தாவர உணவு. அதோடு டிஸ்னி வேர்ல்டில் வெளிச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோக அனுமதி உண்டு, கண்ணாடிப் பாத்திரமும் மதுவும்தான் கூடாது. எலுமிச்சை சாதமும் சப்பாத்தியும் பையில் இருந்தால் மதியம் இரண்டு மணிக்கு அந்த வெயிலில் பெரியவர்களை இன்னொரு கவுண்டரைத் தேடி நடக்க வைக்க வேண்டியதில்லை.

பிளானுக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதில் ஒன்றை மட்டும் நான் மதிக்கிறேன். ஊரிலிருந்து வந்த அப்பா அம்மா மெனுவில் 16 டாலர் என்று பார்த்ததும் அதை ரூபாயாக்கி, "எனக்குப் பசிக்கலப்பா, நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிடுவார்கள். மனதுக்குக் கஷ்டமாக இருக்கும். முன்பே பணம் கட்டியாகிவிட்டது, சாப்பிடாவிட்டால் வீணாகும் என்று சொன்னால் மறுபேச்சில்லாமல் சாப்பிடுவார்கள். இது நிஜமான பயன், நான் மறுக்கவில்லை. ஆனால் இதற்கு 2,000 டாலர் பிளான் தேவையில்லை. டிஸ்னி கிஃப்ட் கார்டில் அந்த 1,240 டாலரைப் போட்டுக்கொண்டு போங்கள், சாப்பாட்டுப் பணம் கட்டியாகிவிட்டது என்று அவர்களிடம் சொல்லுங்கள், அதுவும் உண்மைதான். கார்டுக்குக் காலாவதி கிடையாது, மீந்தால் டிக்கெட்டுக்கோ பொம்மைக்கோ ஆகும், டிப்ஸும் அதிலிருந்தே கொடுக்கலாம். சில கடைகளின் சொந்த அட்டையில் வாங்கினால் கிஃப்ட் கார்டுக்கே 5 சதவீதம் கழிவு கிடைக்கிறது, 1,240-க்கு 62 டாலர்.

யாருக்கு லாபம் என்றும் சொல்லிவிடுகிறேன். 3 முதல் 9 வயதுக்குள் இரண்டு மூன்று பிள்ளைகள், தினமும் ஒரு கேரக்டர் சாப்பாடு என்று முடிவு செய்துவிட்ட குடும்பம். அந்த பஃபேயில் குழந்தைக்கு 40 டாலருக்கு மேல், பெரிய பிளானில் குழந்தைக்கு முழு நாளுக்கே 29.69. கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. 2026-க்கு, பெரியவர்கள் பேக்கேஜோடு பிளானைக் காசு கொடுத்து வாங்கினால் 3 முதல் 9 வயதுக்கு இலவசம் என்றும் அறிவித்தார்கள். உங்களுக்கு அதனால் 2024 விலைப்படி 119 டாலர்தான் குறையும், போதாது. பெரியவர்களுக்கும் பிளான் இலவசம் என்று சில காலங்களில் சலுகை வரும், அப்போது அறைக்கு முழு விலை கேட்பார்கள், அறைத் தள்ளுபடியோடு சேர்க்க விடமாட்டார்கள். இரண்டு விலையையும் எழுதிப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இலவசம் என்ற சொல்லுக்குச் சரி என்று சொல்லிவிடாதீர்கள்.

இவ்வளவுக்கும் பிறகு பிள்ளைகளுக்காகவாவது எடுக்கலாம் என்று தோன்றினால், ஆறு பேருக்கும் ஒரே ஃபேமிலி சூட் போடாமல் இரண்டு அறையைத் தனித்தனிப் பதிவாகப் போட்டு, உங்கள் நாலு பேர் இருக்கும் பதிவில் மட்டும் பிளானைச் சேருங்கள், பெரியவர்கள் அவர்களுக்கு வேண்டியதைக் காசுக்குச் சாப்பிடட்டும்.

பிளான் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் மேஜை தானாகக் கிடைக்காது. டிஸ்னி ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு செக்-இன் தேதிக்கு 60 நாள் முன்பு, முழு தங்கலுக்கும் சேர்த்தே முன்பதிவு திறக்கும். அன்று அமெரிக்கக் கிழக்கு நேரம் காலை 6 மணிக்கெல்லாம் உட்கார்ந்து முதலில் கேரக்டர் பஃபேயை ஆறு பேருக்குப் போட்டுவிடுங்கள், ஆறு பேர் மேஜைதான் சீக்கிரம் தீரும். அடுத்தது சனா, வெளிச்சம் இருக்கும்போதே போகிற மாதிரி.