சுவரில் மாட்டியிருந்த முகங்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் தளத்தைத் தொடர்ந்து வாசிப்பவன். பாரிசில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வைகாசியில் கும்பகோணத்தில் எனக்குக் கல்யாணம். அதற்குள் எனக்கென்று நல்ல சென்ட் ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று, ரூ த கிரெனெலில் இருக்கும் ஃப்ரெடெரிக் மால் கடைக்குப் போனேன். கண்ணாடித் தூண் ஒன்றுக்குள் தலையை நீட்டி முகரச் சொன்னார்கள். சுவரெல்லாம் யார் யாருடையவோ படங்கள். எதையும் முடிவுசெய்ய முடியாமல் திரும்பிவிட்டேன்.

இணையத்தில் தேடி, ஆண்களுக்கானவை என்று மூன்றைக் குறித்துவைத்திருக்கிறேன். வெட்டிவர் எக்ஸ்ட்ரார்டினேர், ஃப்ரெஞ்ச் லவர், ஜெரானியம் பூர் மெஸ்யூ. இவற்றில் எது எனக்குப் பொருந்தும்? எது அதிக நேரம் நிற்கும்? அமெரிக்க அழகுசாதன நிறுவனமான எஸ்டீ லாடர் இந்த நிறுவனத்தை வாங்கிய பிறகு தரம் குறைந்துவிட்டது என்கிறார்களே, உண்மையா? கடையில் எனக்கு நிஜமாகவே பிடித்தது போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடி. ரோஜா வாசனை. ஆனால் அது பெண்களுக்கானது, போட்டுக்கொண்டு வந்தால் ஆபீசில் சிரிப்பார்கள் என்கிறார் நண்பர். எல்லாவற்றுக்கும் மலிவான நகல்கள் வேறு கிடைக்கின்றன. பேசாமல் அதையே வாங்கிவிடலாமா என்றும் தோன்றுகிறது. நீங்கள் முன்பு அத்தர் பற்றி எழுதியதைப் படித்திருப்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

எஸ்., பாரிஸ்

அன்புள்ள எஸ்.,

முதலில் கல்யாணத்துக்கு என் வாழ்த்துகள்.

நீங்கள் கேட்டவற்றில் பாதியை நான் தள்ளிவிடப் போகிறேன். எத்தனை மணி நேரம் நிற்கும் என்பது உங்கள் தோலையும், அன்றைய வெயிலையும், நீங்கள் எவ்வளவு அடித்துக்கொள்கிறீர்கள் என்பதையும் பொறுத்தது. காலையில் அடித்தால் ராத்திரி வரைக்கும் நிற்கிற மட்டமான சென்ட்கள் எவ்வளவோ உண்டு. எஸ்டீ லாடர் அந்த நிறுவனத்தை வாங்குவதாக அறிவித்தது 2014 கடைசியில். தரம் குறைந்ததா என்று சொல்ல அதற்கு முன்னால் இருந்ததை முகர்ந்திருக்க வேண்டும். நீங்கள் முகர்ந்ததில்லை, விடுங்கள். ஆபீஸ் நண்பரையும் விடுங்கள்.

என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு வரி. ‘சுவரெல்லாம் யார் யாருடையவோ படங்கள்.’ எஸ்., அந்தக் கடைக்குள் போய்விட்டு, அந்தப் படங்களில் இருப்பவர்கள் யார் என்று ஒரு வார்த்தை கேட்காமல் எப்படித் திரும்பி வந்தீர்கள்? உங்கள் மூக்குக்குப் பிடித்த அந்த ரோஜாவைச் செய்தவரின் படத்துக்குப் பக்கத்திலேயே நின்றிருப்பீர்கள். பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்திருந்தால்கூடப் போதும். லேபிளில் சென்ட்டின் பெயரோடு செய்தவரின் பெயரும் அச்சிட்டிருக்கிறது. கொஞ்ச நாளாக நான் இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பெரிய ஃபேஷன் நிறுவனங்களின் பெயரில் விற்கும் சென்ட்களில் பெரும்பாலானவற்றை அந்த நிறுவனங்கள் செய்வதில்லை. ஜிவோதான், ஃபிர்மெனிக், ஐ.எஃப்.எஃப். போன்ற வாசனைக் கம்பெனிகளுக்கு ஒரு குறிப்பு போகும். இளைஞர்களுக்கு வேண்டும், கடல்காற்று மாதிரி இருக்கவேண்டும், கிலோ இன்ன விலையைத் தாண்டக்கூடாது. அங்கே வேலை பார்க்கும் பெர்ஃப்யூமர்கள், அதாவது சென்ட்டை உருவாக்குகிறவர்கள், போட்டிபோட்டு மாதிரிகள் அனுப்புவார்கள். அதைப் பொதுமக்களிடம் முகரக் கொடுத்து மார்க் போடச் சொல்வார்கள். ஜெயித்ததையும் விடமாட்டார்கள். இன்னும் கொஞ்சம் இனிப்பாக்கு, இன்னும் கொஞ்சம் விலையைக் குறை என்று திருத்தித் திருத்தி, கடைசியில் ஒரு நடிகரின் முகத்தை வைத்து விளம்பரம் செய்வார்கள். செய்தவரின் பெயர் பெட்டியில் இருக்காது.

ஃப்ரெடெரிக் மால் இந்தத் தொழிலுக்குள்ளேயே வளர்ந்தவர். பாரிஸ் ஃபேஷன் நிறுவனமான டியோரின் வாசனை நிறுவனத்தைத் தொடங்கிய செர்ஜ் எஃப்லர்-லூயிஷ் அவருடைய தாத்தா. 2000-இல் ஃப்ரெடெரிக் கடை திறந்தபோது தன்னைப் பதிப்பாளர் என்றுதான் சொல்லிக்கொண்டார். செலவுக்கும் காலத்துக்கும் வரம்பு வைக்கமாட்டேன், நீங்கள் நினைத்ததைச் செய்யுங்கள், உங்கள் பெயரிலேயே வெளியிடுகிறேன் என்று பெர்ஃப்யூமர்களைக் கூப்பிட்டார். ஒன்பது சென்ட்களோடு தொடங்கினார், ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஆளின் பெயர்.

இதை முதலில் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. காரணம் இருக்கிறது. இருபதுகளில் நான் ஒரு வார இதழில் வேலை பார்த்தேன். ஒரு நடிகரின் வாழ்க்கைக் கதைத் தொடரை எழுதச் சொன்னார்கள். அவருக்குப் பழசெல்லாம் பாதி ஞாபகமில்லை. அவருடைய ஊருக்குப் போய், அவர் அக்காவோடு திண்ணையில் உட்கார்ந்து, அந்த அம்மாள் புளி ஆய்ந்துகொண்டே சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு வந்தேன். அந்த அத்தியாயத்துக்குத்தான் மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்தது. புத்தகம் வெளிவந்த விழாவில் எனக்குக் கடைசி வரிசை. வாசலில் நின்ற பெண் தெளித்த பன்னீர் ராத்திரி வரைக்கும் என் சட்டைக் காலரில் இருந்தது. மேடையில் அச்சகத்துக்காரர் வரை நன்றி சொன்னார்கள். என் பெயர் வரவில்லை. பிறகு கேட்டதற்கு, சம்பளம் கொடுத்தோமே என்றார்கள். கொடுத்தார்கள்தான். ஆனால் அந்த அக்கா எந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டுப் புளியங்கொட்டையைத் தள்ளினாள் என்று பார்த்தவன் நான். வேறு யார் எழுதியிருந்தாலும் அந்தப் பக்கம் அப்படி வந்திருக்காது. என்னை அறிந்த இரண்டு மூன்று பேர் படித்துவிட்டு, இது உன் எழுத்துதானே என்று கேட்டார்கள். பெயரை எடுத்துவிட்டாலும் கை தெரிந்துவிடும், எஸ். சென்ட்டிலும் அப்படித்தான்.

எத்மோன் ருத்னித்ஸ்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 1966-இல் டியோருக்காக ஓ சவாஜ் செய்தவர். ஆண்களுக்கான சென்ட் என்றால் இன்றைக்கும் முதல் வரிசையில் வைத்துப் பேசுவது அதைத்தான். அதற்குள் என்ன இருக்கிறது தெரியுமா? ஹெடியோன். மல்லிகையின் வாசனையை ஆராய்ந்தபோது ஃபிர்மெனிக்கின் வேதியியலாளர் எதுவார் தெமோல் கண்டெடுத்த பொருள். எலுமிச்சைக்குப் பின்னால் காற்றோட்டமான மல்லிகையை வைத்து ஒரு ஆண் சென்ட்டைச் செய்தார் ருத்னித்ஸ்கா. அதைப் பெண்களும் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். பிறகு 1972-இல் அதே டியோருக்குப் பெண்களுக்கென்று தியோரெல்லா செய்தார். அதே எலுமிச்சை, அதே மல்லிகை, கொஞ்சம் கனிந்த பழம் சேர்ந்திருக்கும். பெட்டியை மறைத்துக் கொடுத்தால் எது ஆண், எது பெண் என்பதில் தடுமாறலாம். இரண்டும் ஒருவர் செய்தது என்பதில் தடுமாறவே முடியாது.

உங்கள் கடைச் சுவரில் அவரும் உண்டு. 1950-களில் தன் மனைவி தெரேசுக்காக மட்டும் ஒரு சென்ட் செய்தார். அதைத் தெரேஸ் ஒருவர்தான் போட்டுக்கொண்டார், விற்பனைக்கு வரவில்லை. 1996-இல் ருத்னித்ஸ்கா இறந்த பிறகு, அதை ஃப்ரெடெரிக்கிடம் கொடுத்தது தெரேஸ்தான். முதல் ஒன்பதில் ஒன்றாக, செய்தவரின் பெயரோடு வந்தது. பெரிய நிறுவனங்களுக்கு எவ்வளவோ செய்துகொடுத்த மனிதர், வாசனையும் ஒரு கலை, அதைச் செய்தவனுக்கு உரிமை வேண்டும் என்று கடைசி வரை வாதாடியவர். அவர் பெயர் ஒரு பாட்டிலின் மேல் வர அவர் செத்துப்போக வேண்டியிருந்தது.

இனி உங்கள் பட்டியல். கல்லூரிக் காலத்தில் கூல் வாட்டரோ அதன் நகலோ உங்களைத் தாண்டிப் போயிருக்கும். 1988-இல் அதைச் செய்த பியேர் பூர்தோன்தான் ஃப்ரெஞ்ச் லவரையும் செய்தார், 2007-இல். மற்ற இரண்டும் தொமினிக் ரொப்பியோன் செய்தவை. உங்களுக்குப் பிடித்த போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடியும் அவருடையதே. பட்டியலைப் பார்த்துக் குறித்தபோதும் சரி, பட்டியலை மறந்து முகர்ந்தபோதும் சரி, நீங்கள் ரொப்பியோனிடமே போயிருக்கிறீர்கள். அது உங்களுக்குத் தெரியவில்லை.

இதையும் கேளுங்கள். 2009-இல் வந்த ஜெரானியம் பூர் மெஸ்யூவின் அடித்தளத்தை எடுத்து வளர்த்துத்தான் 2010-இல் போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடியைச் செய்தார்கள். அடியில் இருந்த சந்தனம், கஸ்தூரி, சாம்பிராணியின் மேல் முன்னதில் புதினாவும் ஜெரானியமும் நின்றன. பின்னதில் அந்த இடத்தில் துருக்கி ரோஜாவும் பச்சௌலி என்ற வாசனை இலையும் வந்தன. பெயரிலேயே ‘மெஸ்யூ’ என்று ஆண்களை அழைத்த சென்ட்டிலிருந்து பிறந்ததைத்தான் உங்கள் நண்பர் பெண்களுக்கானது என்கிறார். அரபு நாடுகளில் ஆண்கள் சவூதியின் தாயிஃப் ரோஜாவை மணிக்கட்டில் தடவிக்கொண்டு தொழுகைக்குப் போகிறார்கள். உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் காய்ச்சும் ரோஜா அத்தரை நம் நாட்டு ஆண்கள் எத்தனையோ தலைமுறையாகக் காதுமடலில் வைத்துக்கொள்கிறார்கள். யாரும் சிரித்ததில்லை.

நகல் விஷயத்தில் எனக்குக் கோபம் வருகிறது. 2006 ஜூன் 13 அன்று பிரான்சின் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. பெர்ஃப்யூமர் ஒருவர் தன் படைப்புக்கு உரிமை கேட்ட வழக்கு அது. சென்ட் செய்வது வெறும் தொழில்திறமை, பதிப்புரிமை கிடையாது என்றார்கள். அதே வாரம், ஜூன் 16 அன்று, நெதர்லாந்தின் உச்ச நீதிமன்றம் லான்கோம் நிறுவனத்தின் த்ரெசோர் என்ற சென்ட்டுக்குப் பதிப்புரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. இரண்டில் எது நியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீங்கள் வாழ்வது முதல் தீர்ப்பைச் சொன்ன நாட்டில். இயந்திரத்தில் கொடுத்து உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்து, மலிவான சரக்கைப் போட்டு நிரப்பி விற்பவன்மேல் பதிப்புரிமையைச் சொல்லி யாரும் கைவைக்க முடியாது. ஆனால் நீங்கள் வாங்காமல் இருக்கலாம் அல்லவா? காசு இல்லை என்றால் சின்ன அளவு வாங்குங்கள். அதற்கும் இல்லையென்றால் நல்ல அத்தர் ஒரு தோலா வாங்குங்கள். ஒரு மனிதன் வருடக்கணக்கில் எடை பார்த்து எடை பார்த்துச் செய்ததைத் திருடியவனிடம் போய் வாங்காதீர்கள். என் வாசகர் அதைச் செய்யக்கூடாது.

வெட்டிவர் எக்ஸ்ட்ரார்டினேர் நல்ல சென்ட்தான். மண்வாடை அடங்கி, உலர்ந்த கட்டையின் சுத்தமான மணம். ஆபீசுக்கு அது போதும். ஆனால் உங்கள் மனம் ரோஜாவில் இருக்கிறது, அதை நீங்களே எழுதிவிட்டீர்கள். வேலைநாள் ஒன்றில், உடம்பில் வேறு எதுவும் பூசாமல் மறுபடி அந்தக் கடைக்குப் போங்கள். இடது மணிக்கட்டில் ஜெரானியம், வலது மணிக்கட்டில் போர்ட்ரெய்ட், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை. உடனே வெளியே வந்துவிடுங்கள். விற்பவர் பக்கத்தில் நின்றால் மூக்கு வேலை செய்யாது. முதல் கால்மணி நேரம் இரண்டுக்கும் சம்பந்தமே இருக்காது, புதினா ஒரு பக்கம் இழுக்கும், ரோஜா ஒரு பக்கம். சாயங்காலம் மெட்ரோவில் வீட்டுக்குப் போகும்போது இரண்டு கையையும் மாற்றி மாற்றி முகர்ந்து பாருங்கள். ரொப்பியோன் எங்கே இருக்கிறார் என்று அப்போது தெரியும். எது வேண்டும் என்பதை அதற்குப் பிறகு முடிவுசெய்யுங்கள். கடையிலிருந்து கிளம்புவதற்கு முன் சுவரில் அவருடைய படம் எது என்று கேட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கல்யாணத்தன்று மட்டும் எதையும் அடித்துக்கொள்ள வேண்டாம். வைகாசி வெயில், ஓமப் புகை, சந்தனம், பெண்ணின் தலையில் மல்லி. உங்கள் கழுத்தில் சம்பங்கி மாலை கிடக்கும். ரொப்பியோன் 2005-இல் கார்னல் ஃப்ளவரில் செய்துகாட்டியது அதே சம்பங்கியைத்தான், அதையும் அங்கே பலர் பெண்களுக்கென்றுதான் பேசுகிறார்கள். பாட்டிலை மறுவீட்டுக்குப் போகும்போது திறந்துகொள்ளலாம்.