எனக்கும் மகளுக்கும் எடை அதிகம்: யாரிடமிருந்து தொடங்குவது?

கேள்வி: எனக்கு வயது 34, உயரம் 158 செ.மீ., எடை 82 கிலோ. என் மகளுக்கு இப்போதுதான் ஏழு வயது நிறைந்தது. அவள் உயரம் 122 செ.மீ., எடை 31 கிலோ. அவளைச் சுமந்தபோது எனக்குக் கர்ப்பகால நீரிழிவு இருந்தது. பள்ளியில் எடை பார்த்துவிட்டு உணவைக் குறைக்கச் சொல்லி அனுப்பினார்கள். வீட்டிலோ, "தாயைப் போல பிள்ளை, வளர வளரச் சரியாகிவிடும்" என்கிறார்கள். இது என்னிடமிருந்துதான் அவளுக்கு வந்ததா? அவளுக்கு உணவுக் கட்டுப்பாடு தொடங்கலாமா? அடுத்த ஆண்டு இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணமும் இருக்கிறது. அந்தக் குழந்தைக்கும் இது வராமல் தடுக்க முடியுமா?

பதில்: முதலில் நீங்கள் தந்திருக்கும் எண்களைப் பார்த்துவிடுவோம். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் பிஎம்ஐ எனப்படும் உடல் நிறை எண். உங்களுக்கு அது 32.8. பெரியவர்களுக்கு 25ஐத் தொட்டால் அதிக எடை, 30ஐத் தொட்டால் உடல் பருமன் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. உங்கள் மகளுக்கு 20.8 வருகிறது. பெரியவர் ஒருவருக்கு இந்த எண் வந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள் என்பதால், பல பெற்றோர் இந்த இடத்தில்தான் ஏமாந்துபோகிறார்கள். குழந்தைகளின் பிஎம்ஐயை வயதையும் பாலினத்தையும் வைத்தே பார்க்க வேண்டும். ஏழு வயதுப் பெண் குழந்தைக்கு நடு அளவு ஏறக்குறைய 15.4, 17.3ஐத் தாண்டினால் அதிக எடை, 19.8ஐத் தாண்டினால் பருமன். ஆகவே நீங்கள் இருவருமே பருமன் என்ற வரையறைக்குள் வருகிறீர்கள்.

"வளர வளரச் சரியாகிவிடும்" என்பதை நான் ஏற்க மாட்டேன். கைக்குழந்தையின் கொழுகொழுப்பு நடை பழகியபின் வடிவது இயல்புதான். ஆனால் பிஎம்ஐ அப்படி இறங்கி இறங்கி, ஐந்து வயதிலிருந்து ஏழு வயதுக்குள் தன் மிகக் குறைந்த அளவைத் தொட்டு, அதன் பிறகே மெல்ல ஏறத் தொடங்கும். வாழ்நாளில் மிக ஒல்லியாக இருக்க வேண்டிய அந்தப் பருவத்தில் கூடியிருக்கும் எடையைத் தானாகக் கரையும் பிள்ளைச் சதையாக எடுத்துக்கொள்ள முடியாது. பெற்றோரின் எடையும் இங்கே கணக்கில் வருகிறது. 1997இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வின்படி, பெற்றோருக்குப் பருமன் இருந்தால், பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தை இப்போது ஒல்லியாக இருந்தாலும் பருமனாக இருந்தாலும், வளர்ந்தபின் பருமனாகும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேல் கூடுகிறது.

"என்னிடமிருந்துதான் வந்ததா" என்று கேட்கிறீர்கள். ஓரளவுக்கு ஆம். ஆனால் எந்த வழியாக வந்தது என்று பிரித்துப் பார்க்காவிட்டால், கையில் இருப்பதை விட்டுவிட்டுக் கைமீறிப் போனதை நினைத்தே வருந்திக்கொண்டிருப்பீர்கள்.

முதல் வழி மரபணு. டென்மார்க்கில் குழந்தைப் பருவத்தில் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்து பெரியவர்களான 540 பேரை ஆராய்ந்து 1986இல் வெளியிட்டார்கள். அவர்களின் உடல்வாகு, பெற்ற தாய் தந்தையரின் உடல்வாகோடு ஒத்துப்போனது. வளர்த்தவர்களின் உடல்வாகோடு தொடர்பு எதுவும் தெரியவில்லை. மரபணு பெரும்பாலும் பசியின் வழியாகவே வேலை செய்கிறது. ஒரே மேசையில் உட்காரும் இரண்டு குழந்தைகளைக் கவனித்தால் இது புரியும். ஒரு குழந்தை பாதித் தட்டிலேயே "போதும்" என்று எழுந்து ஓடிவிடும். இன்னொரு குழந்தை தன் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, எழுந்து போன குழந்தையின் தட்டைப் பார்க்கும். இரண்டாவது குழந்தையைப் பேராசைக்காரி என்பது தவறு. வயிறு நிறைந்த செய்தி அவள் மூளைக்கு மெதுவாகவும் மங்கலாகவும் போய்ச் சேருகிறது. பசியோடு தொடர்புடைய எஃப்டிஓ என்ற மரபணுவின் ஒரு வகையை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவர்கள், அதைப் பெறாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதல் எடையுடன் இருப்பது 2007இல் தெரியவந்தது.

எல்லாம் மரபணுதான் என்றால் வீட்டில் எதை மாற்றி என்ன பயன் என்று தோன்றலாம். உலகில் 5 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களில் பருமன் உள்ளவர்கள் 1990இல் 2 சதவீதம். 2022இல் 8 சதவீதம். முப்பது ஆண்டுகளில் மனிதர்களின் மரபணு மாறிவிடவில்லை, சூழல்தான் மாறியது. ஒரே சூழலில் யாருக்கு முதலில் எடை ஏறும் என்பதை மரபு முடிவு செய்கிறது. எவ்வளவு ஏறும் என்பதில் சூழலுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த மரபும் தாயிடமிருந்து பாதிதான் வருகிறது. "தாயைப் போல பிள்ளை" என்று சொல்பவர்கள் தந்தையை எப்படியோ மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது வழி கருப்பை. கர்ப்பகால நீரிழிவு இருந்ததாக நீங்கள் குறிப்பிட்டிருப்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். தாயின் ரத்தத்தில் கூடும் குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. வந்து குவியும் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் கணையமே கூடுதலாக இன்சுலினைச் சுரக்க, அந்த இன்சுலின் கருவில் வளர்ச்சி ஹார்மோனைப் போலச் செயல்பட்டுக் கொழுப்பைச் சேர்க்கிறது. அமெரிக்காவின் பீமா பழங்குடிக் குடும்பங்களில், ஒரே தாய்க்கு நீரிழிவு வருவதற்கு முன் பிறந்த பிள்ளைகளையும் வந்த பின் பிறந்த பிள்ளைகளையும் ஒப்பிட்டு 2000இல் வெளியான ஆய்வில், பின்னவர்களின் பிஎம்ஐ சராசரியாக 2.6 கூடுதலாக இருந்தது. ஒரே பெற்றோருக்குப் பிறந்தவர்கள் என்பதால், இந்த வேறுபாட்டை மரபணுவின் மேல் போட முடியாது. கடுமையான பருமனுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட தாய்மார்களிடமும் இதே போன்ற ஒப்பீடு நடந்திருக்கிறது: சிகிச்சைக்குப் பின் பிறந்த பிள்ளைகளிடம், முன்பு பிறந்த உடன்பிறப்புகளைவிடப் பருமன் குறைவாகவே இருந்தது.

ஆனாலும் கருப்பையின் பங்கைத் தாய்மார்கள் மிகைப்படுத்தி வருந்துவதாகவே நான் நினைக்கிறேன். பிரிட்டனில் 1991, 1992ஆம் ஆண்டுகளில் பிரசவத் தேதி இருந்த பதினான்காயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களைப் பதிவு செய்து தொடங்கிய ஏவான் ஆய்வில், பிள்ளையின் எடையோடு தாயின் எடைக்கு உள்ள தொடர்பையும் தந்தையின் எடைக்கு உள்ள தொடர்பையும் ஒப்பிட்டார்கள். தாயின் பக்கம் சற்றே கூடுதலாக இருந்ததே தவிர, பெரிய இடைவெளி இல்லை. கருப்பைதான் முதன்மைக் காரணம் என்றால், தந்தையின் எடைக்கு இவ்வளவு தொடர்பு இருக்க வழியில்லை.

மூன்றாவது வழி வீடு: ஒரே சமையல், ஒரே சாப்பாட்டு நேரம், ஒரே திரை, ஒரே தூக்கம். பிள்ளை மிச்சம் வைத்ததை வீணாக்க மனமில்லாமல் தாய் நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வதும், "இன்னும் இரண்டு வாய்தான்" என்று நிறைந்த வயிற்றில் தாய் ஊட்டுவதும் ஒரே பழக்கத்தின் இரண்டு பக்கங்கள். இரண்டு உடல்களிலும் எடையைச் சேர்ப்பவை. மூன்று வழிகளில், இன்று உங்கள் கையில் இருப்பது இது ஒன்றுதான்.

ஆகவே மகளுக்கென்று தனி உணவுக் கட்டுப்பாடு தொடங்காதீர்கள். அமெரிக்காவில் 6 முதல் 12 வயதுக்குட்பட்ட பருமனான குழந்தைகளை மூன்று குழுக்களாகப் பிரித்து, உணவு, உடற்பயிற்சி ஆலோசனைகளை ஒன்று போலவே கொடுத்து, பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்து 1990இல் வெளியிட்டார்கள். எடை குறைப்பிலும் பழக்க மாற்றத்திலும் பெற்றோரையும் குழந்தையையும் சேர்த்து ஊக்குவித்த குழுவில் அதிகப்படி எடை 7.5 சதவீதம் குறைந்திருந்தது; குழந்தையை மட்டும் ஊக்குவித்த குழுவில் 4.5 சதவீதமும், அத்தகைய ஊக்குவிப்பு இல்லாத குழுவில் 14.3 சதவீதமும் கூடியிருந்தது. இஸ்ரேலில் நடந்த இன்னோர் ஆய்வில் பெற்றோரை மட்டுமே அழைத்துப் பேசினார்கள். குழந்தைகளை நேரடியாக அழைத்துச் சிகிச்சையளித்த குழுவைவிட அங்கே நல்ல பலன் கிடைத்தது.

தடை போடுவது எதிர்வினையையும் தருகிறது. சிறு குழந்தைகளின் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு தின்பண்டத்தை வைத்துவிட்டுச் சில நிமிடங்கள் மட்டும் எடுக்க விட்டபோது, தடையில்லாமல் கிடைத்த அதே போன்ற பண்டத்தைவிட அதன் மீதே அவர்களின் பேச்சும் ஆசையும் சென்றதை 1999இல் வெளியான சோதனைகள் காட்டின. ஒரு பண்டம் மகளுக்கு வேண்டாம் என்றால், அது வீட்டுக்குள் வராமல் இருப்பதே நல்லது. அலமாரியில் வைத்துக்கொண்டு அவளுக்கு மட்டும் மறுப்பது வேலைக்கு ஆகாது. என்ன உணவு, எப்போது, எங்கே என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். எவ்வளவு என்பதை அவள் வயிறு முடிவு செய்யட்டும். சிறிய தட்டில் அளவாகப் பரிமாறுங்கள். கேட்டால் காய்கறியை முதலில் கொடுத்துப் பிறகு மற்றதைக் கொடுங்கள்.

மாற்றத்தை இனிப்புப் பானங்களிலிருந்து தொடங்குவதை நான் விரும்புவேன், ஏனெனில் குறைந்த சண்டையில் நிறைந்த பலன் கிடைப்பது அங்கேதான். நெதர்லாந்தில் 4 முதல் 11 வயதுக்குட்பட்ட 641 குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 250 மி.லி. பானம், பாதிப் பேருக்குச் சர்க்கரையோடும் மீதிப் பேருக்குச் சர்க்கரை இல்லாமலும், பதினெட்டு மாதங்கள் கொடுக்கப்பட்டது. வேறு எதையும் மாற்றாமலே, சர்க்கரையில்லாப் பானம் குடித்தவர்களுக்கு எடை ஏற்றம் ஏறக்குறைய ஒரு கிலோ குறைவாக இருந்தது. வீட்டில் பிழிந்த பழச்சாற்றையும் இந்தக் கணக்கில் சேருங்கள்; பழமாகக் கடித்துத் தின்பது வேறு. அடுத்து, சாப்பிடும்போது திரை வேண்டாம்; இந்த விதி பெரியவர்களின் கைபேசிக்கும் பொருந்த வேண்டும். அவள் வயதுக்கு நாள்தோறும் ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்க ஓடி ஆடும் விளையாட்டும், இரவில் ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாத தூக்கமும் வேண்டும்.

மகள் எடையைக் குறைக்க வேண்டியதில்லை, ஏறாமல் நிறுத்தினாலே போதும். அவள் ஆண்டுக்கு 5 முதல் 6 செ.மீ. வளர்வாள். ஒன்றரை ஆண்டில் 130 செ.மீ. உயரத்தை எட்டும்போதும் எடை 31 கிலோவாகவே இருந்தால், பிஎம்ஐ 18.3 ஆகிவிடும், அந்த வயதுக்கு அது பருமன் வரம்பிலிருந்து நன்றாக விலகி, இயல்பான அளவை நெருங்கிய எண். மாதம் ஒரு முறைக்கு மேல் எடை பார்க்காதீர்கள். அவள் காதுபட அவள் எடையைப் பற்றி மட்டுமல்ல, உங்கள் எடையைப் பற்றியும் பேசாதீர்கள்; கண்ணாடி முன் நின்று தாய் தன் உடலைத் திட்டிக்கொள்வதைக் கேட்கும் மகள், அதே உடல்வாகுள்ள தன்னையும் சேர்த்தே திட்டுவதாகத்தான் எடுத்துக்கொள்வாள்.

குழந்தைகள் நல மருத்துவரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ரத்த அழுத்தம், ரத்தச் சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் நொதி ஆகியவற்றைச் சோதிக்கலாம். கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் வெல்வெட் போலத் தடித்த கருமை, உரத்த குறட்டை, இடுப்பு அல்லது முழங்கால் வலியோடு நொண்டுதல், எடை ஏறும்போது உயர வளர்ச்சி நின்றுபோதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். கழுத்துக் கருமையை அழுக்கென்று நினைத்துத் தேய்த்துக் கழுவுகிறவர்கள் பலர், அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். பருமனான குழந்தைகள் பொதுவாக வயதுக்கு மீறிய உயரத்தோடு இருப்பார்கள் என்பதால், குட்டையாகவும் பருமனாகவும் இருந்தால் தைராய்டு போன்ற ஹார்மோன் கோளாறு உண்டா என்று தேட வேண்டும். உங்கள் மகளின் உயரம் வயதுக்கு ஏற்றதே.

அடுத்த கர்ப்பத்தைப் பொறுத்தவரை, கருவுறுவதற்கு முந்தைய மாதங்களே அதிகம் கைகொடுக்கும். கருவுற்ற பிறகு தொடங்கும் உணவு, நடைப்பயிற்சித் திட்டங்கள் கர்ப்பகால எடை ஏற்றத்தைச் சற்றுக் குறைத்தாலும், பிறந்த குழந்தையின் பிற்கால எடையில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. இப்போதைய எடையில் 5 முதல் 10 சதவீதம், அதாவது 4 முதல் 8 கிலோ, குறைக்க முயலுங்கள். மகளுக்காகச் செய்யும் வீட்டு மாற்றங்களே இதற்கும் உதவும். எடைக் குறைப்பு ஊசி எடுத்துக்கொள்வதாக இருந்தால், கருவுற முயல்வதற்கு முன்பே அதை நிறுத்த வேண்டும். செமாக்ளூடைட் என்றால் குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்பு. கருவுற்றபின் எடையைக் குறைக்க முயலக் கூடாது. உங்கள் பிஎம்ஐக்குப் பேறுகாலம் முழுவதிலும் 5 முதல் 9 கிலோ வரை கூடலாம் என்பது அமெரிக்க மருத்துவக் கழகம் 2009இல் தந்த அளவு.

தாய்ப்பால் கொடுங்கள், ஆனால் அது பருமனைத் தடுக்கும் என்பதற்காக அல்ல. பெலாரஸில் பதினேழாயிரம் தாய் சேய்களை வைத்து நடந்த பெரிய சோதனையில், தாய்ப்பாலூட்டும் காலத்தை நீட்டியும், பதினோரு வயதில் பருமன் குறையவில்லை. தாய்ப்பாலின் மற்ற நன்மைகளே அதற்குப் போதுமான காரணம். புட்டிப்பால் தேவைப்பட்டால், குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டதும் நிறுத்திவிடுங்கள். புட்டியைக் காலி செய்வது அதன் கடமை அல்ல.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கர்ப்பகால நீரிழிவு வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்குக்கும் மேல். பிரசவத்துக்குப் பிறகு நீங்கள் சர்க்கரை பார்த்தீர்களா என்பது கடிதத்தில் இல்லை. இந்த மாதமே குளுக்கோஸ் குடித்துச் செய்யும் ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். ஃபோலிக் அமில மாத்திரையின் அளவையும் அப்போதே மருத்துவரிடம் கேளுங்கள், பருமன் உள்ளவர்களுக்கு அது வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று அவர் சொல்லும்வரை கருத்தடையை நிறுத்த வேண்டாம்.