டேஷ்போர்டில் இன்ஜின் சூட்டைக் காட்டும் தனி மீட்டரை டேப் போட்டு ஒட்டினால் விழாமல் நிற்குமா?

நிற்கும். என் வண்டியில் மூன்று வருஷமாக நிற்கிறது. ஆனால் முதல் தடவை ஒட்டியது பதினோராம் நாளே விழுந்துவிட்டது.

உங்களுடையதும் என்னுடையதைப் போல டெம்பரேச்சர் முள் இல்லாத வண்டியாகத்தான் இருக்கும். இன்ஜின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, அதிகம் சூடானால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். சிவப்பு எரிந்ததைக் கவனிப்பதற்குள் இன்ஜின் தலைப்பகுதியை அடைக்கும் ஹெட் கேஸ்கட் போய், ஒருமுறை பெரிய செலவு பார்த்தவன் நான். அதனால் 52 மி.மீ. மீட்டர் ஒன்று வாங்கி, ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம், கடையில் கொடுத்த வெள்ளை டபுள் சைடு டேப்பிலேயே ஒட்டினேன்.

ஏற்காட்டில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது ஒரு வளைவில் ‘டக்’ என்று சத்தம். மீட்டர் ஒயரோடு தொங்கி, என் காலில் இடித்து, பிரேக் பெடலுக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டது. பெடல் பாதிக்கு மேல் இறங்கவில்லை. இரண்டாவது கியரில் வந்ததால் ஹேண்ட்பிரேக்கை இழுத்து ஓரம் கட்ட முடிந்தது. பின்சீட்டில் அம்மாவும் மகளும். கை நடுக்கம் நிற்க நெடுநேரம் ஆனது.

டேப்பைத் திருப்பிப் பார்த்தால் பசை அப்படியே இருந்தது, மேலே எண்ணெய் போல ஒரு மினுமினுப்பு. வாட்டர் வாஷில் கேட்காமலே பூசிவிடும் டேஷ்போர்டு பாலிஷ். அதிலுள்ள சிலிகோன் மேல் இந்த மாதிரி டேப் எதுவும் சரியாகப் பிடிக்காது.

இரண்டாம் தடவை சோப்புத் தண்ணீரில் துடைத்து, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து, வெள்ளைத் துணியில் அழுக்கு வராத வரை துடைத்தேன். சொரசொரப்பான பிளாஸ்டிக் என்பதால் டேப் நன்றாகப் பிடிக்க முதலில் பூசும் பிரைமர் தடவினேன். டேப், 3எம் கம்பெனியின் விஹெச்பி என்ற பலமான டபுள் சைடு டேப். ஒரு கிலோ எடைக்குச் சுமார் 60 சதுர செ.மீ. டேப் என்பது கணக்கு. மீட்டர் சின்னதுதான், இருந்தாலும் நான் இரண்டு மடங்கு போட்டேன். முழுப்பிடி வர 72 மணி நேரம் ஆகும். அதனால் மீட்டரைத் தாங்கும் ஸ்டாண்டை மட்டும் அழுத்தி ஒட்டிவிட்டு, நாலாம் நாள்தான் மீட்டரை மாட்டினேன். ஒயரையும் கிளிப் போட்டு இறுக்கினேன். இனி விழுந்தாலும் பெடல் வரை எட்டாது.

‘ஸ்க்ரூ போடாமல் டேப்பா?’ என்று சிலர் வருவார்கள். ஓட்டை போட்ட டேஷ்போர்டை மறுபடி மூட முடியாது. உள்ளே எந்த ஒயர் போகிறது என்று தெரியாமல் டிரில் வைப்பதும் நல்லதில்லை. எதில் ஒட்டினாலும் ‘ஏர்பேக்’ என்று எழுதியிருக்கும் மூடி மேல் மட்டும் ஒட்டவே ஒட்டாதீர்கள். அது விரியும்போது மீட்டர் குண்டு மாதிரி முகத்துக்கு வரும்.

வெயில் இன்னொரு எதிரி. மூடிய காரில் டேஷ்போர்டு 70 டிகிரியைத் தொடும். எங்கள் அடுக்ககத்தில் காசு கொடுத்து வாங்கிய என் நிழல் பார்க்கிங்கில் செயலாளரின் உறவினர் கார் இரண்டு வருஷமாக நிற்கிறது. கேட்டால் ‘அனுசரித்துப் போங்க சார்’ என்கிறார்கள். பத்திரம் என் பேரில், வெயில் என் வண்டி மேல். அடுத்த கூட்டத்தில் எழுத்து மூலமாகவே கேட்கப்போகிறேன்.