ஐப்பசி மழையும் வீட்டுப் பாடமும்

சகோதரி, ஏழு வயது மகனும் ஐந்து வயது மகளும் மழையால் வீட்டுக்குள் அடைந்து சண்டை போடுகிறார்கள், கணக்குப் புத்தகத்தைத் தொடுவதே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். ஒரு வாரம் புத்தகத்தை மூடிவையுங்கள். மதுரையில் நானும் பிள்ளைகளை வீட்டில்தான் படிக்கவைக்கிறேன். ஐப்பசி அடைமழை எங்களையும் படுத்தியது.

அடியும் வாயும் ஒரே அகலமுள்ள டப்பாவை மொட்டைமாடியில், சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். காலையில் அதில் சேர்ந்த மழைநீரின் உயரத்தை அண்ணன் ஸ்கேலால் அளக்கட்டும், தங்கை காலண்டரில் எழுதட்டும். ஸ்கேலில் சுழிக்கு முன்னால் இருக்கும் வெற்று நுனியை மட்டும் வெட்டிவிடுங்கள். 1 மில்லிமீட்டர் மழை என்றால் சதுர மீட்டருக்கு 1 லிட்டர். "அப்படியானால் நம் மாடியில் எத்தனை குடம் அம்மா?" என்று என் மகள் ஈரக் கையோடு ஓடிவந்தாள்; அன்றுதான் பெருக்கல் பிடிபட்டது. அளந்ததும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், கொசு வரும்.