எஸ்எஸ்டி போட்டதும் பேட்டரி இறங்குகிறதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் 14 அங்குல லேப்டாப்பில் 256 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத சேமிப்பு டிஸ்க்) இருந்தது. இடம் போதாமல் 1 டிபி ஜென்4 (நான்காம் தலைமுறை) என்விஎம்இ எஸ்எஸ்டி, அதாவது வேகமான வகை, வாங்கிப் போட்டு, விண்டோஸ் 11-ஐப் புதிதாக ஏற்றினேன். முன்பு 6 மணி நேரம் தாங்கிய பேட்டரி இப்போது மூன்றரை மணி நேரத்தில் படுத்துவிடுகிறது. புது டிஸ்க்தான் கரண்ட்டை இழுக்கிறது என்கிறார் நண்பர். பேட்டரி போய்விட்டது, மாற்றுங்கள் என்கிறார் கடைக்காரர். யார் சொல்வது சரி?
— வாசகி, செந்தூல்

பதில்: இரண்டு பேச்சையும் ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் கணக்குப் போடுங்கள். ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து 'பவர்சிஎஃப்ஜி' என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சாய்கோடு போட்டு, 'பேட்டரிரிப்போர்ட்' என்று சேர்த்து எழுதி என்டர் தட்டுங்கள் (கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்). அறிக்கை எங்கே சேமிக்கப்பட்டது என்பதையும் அந்தத் திரையே சொல்லும். அதில் 'டிசைன் கெப்பாசிட்டி', 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி' என்ற இரண்டு எண்களைப் பாருங்கள். முதலாவது பேட்டரி பிறந்தபோது இருந்த கொள்ளளவு, இரண்டாவது இன்றைக்கு மிச்சமிருப்பது. 42,000 மில்லிவாட்-மணிக்கு (அதாவது 42 வாட்-மணிக்கு) 38,000 இருந்தால் பேட்டரி நன்றாகவே இருக்கிறது. 24,000-தான் என்றால் கடைக்காரர் சொல்வது சரி. ஆனால் அது டிஸ்க் மாற்றிய அன்றைக்கு வந்த நோய் இல்லை. முன்பே இருந்தது, இப்போதுதான் கண்ணில் படுகிறது.

பேட்டரி நன்றாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். 42 வாட்-மணி பேட்டரி 6 மணி நேரம் தாங்கினால் லேப்டாப் மொத்தமாக 7 வாட் எடுக்கிறது. மூன்றரை மணி நேரம்தான் என்றால் 12 வாட். ஆக, 5 வாட் கூடியிருக்கிறது. ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி ஆழ்ந்து தூங்கும்போது எடுப்பது சில மில்லிவாட், அதாவது வாட்டில் ஆயிரத்தில் சில பங்கு. தூங்காமல் சும்மா விழித்திருந்தால் ஏறக்குறைய 1 வாட் வரை போகலாம். 5 வாட்டுக்கு மேல் எடுப்பதெல்லாம் பெரிய கோப்புகளை விடாமல் எழுதும்போதுதான். நீங்கள் வேர்டு ஆவணம் தட்டச்சு செய்யும்போது டிஸ்க் ஒன்றே 5 வாட்டை விழுங்க வழியில்லை. மிச்சத்தை வேறு யாரோ சாப்பிடுகிறார்கள்.

முதல் சந்தேகம் டிரைவர்கள் மேல், அதாவது லேப்டாப்பின் பாகங்களை விண்டோஸ் இயக்க உதவும் நிரல்கள் மேல். டிஸ்க்கையும் விண்டோஸையும் ஒரே நாளில் மாற்றுவதால் பழி டிஸ்க்கின் தலையில் விழுகிறது, அவ்வளவுதான். பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் செய்து (முழு நகல் எடுத்து) இருந்தால் டிரைவர்களும் கூடவே வந்திருக்கும். புதிதாக ஏற்றும்போது விண்டோஸ் தனக்குத் தெரிந்ததை மட்டும் போட்டுக்கொள்கிறது. டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிஸ்ப்ளே பகுதியில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருக்கிறதா, எங்காவது மஞ்சள் குறி தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், லேப்டாப்பின் அடியில் உள்ள மாடல் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் தளத்திலிருந்து சிப்செட் டிரைவர், பிறகு கிராஃபிக்ஸ், பிறகு மின்சாரத்தையும் வெப்பத்தையும் கவனிக்கும் டிரைவர் என்ற வரிசையில் போடுங்கள். தனி என்விடியா கார்டு உள்ள லேப்டாப் என்றால் இது இன்னும் முக்கியம். சரியான டிரைவர் இல்லாவிட்டால் அந்தக் கார்டு வேலை இல்லாத நேரத்திலும் அணையாமல் சில வாட்டை எரித்துக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது சந்தேகம் கொஞ்சம் நுட்பமானது. டிஸ்க்குக்கும் பிராசசருக்கும் நடுவே உள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பும் தூங்க வேண்டும். டிஸ்க் அந்த இணைப்பைத் தூங்க விடாவிட்டால் பிராசசரும் தன் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகாது. வீட்டில் ஒருவர் விழித்திருந்தால் கூடத்து விளக்கை அணைக்க முடியாத கதைதான். டிஸ்க் தான் எடுக்கும் 1 வாட்டோடு பிராசசரையும் சேர்த்து விழித்திருக்க வைக்கிறது. கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், அதில் 'பிசிஐ எக்ஸ்பிரஸ்' என்பதன் கீழே 'லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட்' இருக்கும். 'ஆன் பேட்டரி'க்கு 'மேக்சிமம் பவர் சேவிங்ஸ்' வையுங்கள். புதிய லேப்டாப்புகள் பலவற்றில் இந்த வரியே தெரியாது. அங்கே பயாஸ் (லேப்டாப்பைக் கிளப்பும் அடிப்படை நிரல்) புதுப்பிப்பும் எஸ்எஸ்டி ஃபர்ம்வேர் (டிஸ்க்குக்குள்ளேயே இருக்கும் நிரல்) புதுப்பிப்பும்தான் வழி. ஃபர்ம்வேருக்கு டிஸ்க் தயாரிப்பாளரின் நிரல் வேண்டும்: சாம்சங் என்றால் மெஜிஷியன், குரூஷல் என்றால் ஸ்டோரேஜ் எக்ஸிகியூட்டிவ், கிங்ஸ்டன் என்றால் எஸ்எஸ்டி மேனேஜர். தரவுக்கு ஒரு நகல் எடுத்துவிட்டு, சார்ஜரைச் செருகிய பிறகே தொடங்குங்கள்.

பயாஸுக்குள் போனதும் கை சும்மா இருக்காது. அங்கே ஸ்டோரேஜ் முறையை (விஎம்டி, ரெய்டு, ஏஎச்சிஐ) மட்டும் மாற்றிப் பார்க்காதீர்கள். முன்னேற்பாடு இல்லாமல் மாற்றினால் விண்டோஸ் கிளம்பாமல் நீலத் திரையில் நின்றுவிடும். மாற்றிவிட்டீர்களா? பழையபடி வைத்தால் பெரும்பாலும் மீண்டும் கிளம்பும்.

இவை எல்லாவற்றுக்கும் முன், விண்டோஸ் ஏற்றி இரண்டு நாள்தான் ஆகிறது என்றால் பொறுங்கள். தேடல் அட்டவணை, அப்டேட், ஒன்டிரைவ் இறக்கம், டிஸ்க் என்கிரிப்ஷன் எல்லாம் பின்னணியில் ஓடும். ஓரிரவு சார்ஜரிலேயே, தூங்க விடாமல் வைத்து அவை முடிந்த பிறகு அளந்து பாருங்கள். முழு சார்ஜில் பிளக்கைப் பிடுங்கி, வெளிச்சத்தைப் பாதியாக்கி, எதையும் திறக்காமல் ஒரு மணி நேரம் விடுங்கள். 40 வாட்-மணி பேட்டரியில் 15 சதவீதம் குறைந்தால் 6 வாட், குறை சொல்ல ஒன்றுமில்லை. 30 சதவீதம் என்றால் 12 வாட். மேலே சொன்னவற்றில் ஏதோ ஒன்று இன்னும் மிச்சம் இருக்கிறது.

கேள்வி: பழைய லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு சாட்டா எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க் செருகும் அதே வகை இணைப்பில் வேலை செய்வது) போட்டேன். கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை டிவிடி டிரைவ் இருந்த இடத்தில் 'கேடி' எனும் தாங்கு சட்டம் வைத்து மாட்டிவிட்டேன். வேகம் அருமை, பேட்டரி மட்டும் அரை மணி நேரம் குறைந்துவிட்டது.
— வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: குறையாமல் என்ன செய்யும்? முன்பு ஒரு டிஸ்க், இப்போது இரண்டு. 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க் சும்மா சுழன்றாலே ஒரு வாட்டுக்குக் கொஞ்சம் குறைவாக எடுக்கும், படிக்கும்போது சுமார் 2 வாட். பவர் ஆப்ஷன்ஸில் 'டர்ன் ஆஃப் ஹார்ட் டிஸ்க் ஆஃப்டர்' என்பதை பேட்டரிக்கு 5 நிமிடமாக்குங்கள். அதோடு விட்டால் பயனில்லை. ஏதாவது ஒரு நிரல் ஐந்தாறு நிமிடத்துக்கு ஒரு தரம் தட்டி எழுப்பிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு எழுப்பலுக்கும் கரண்ட் சட்டென ஏறும், டிஸ்க்கும் தேயும். ஆகவே அந்த டிரைவில் இண்டெக்சிங்கை (தேடல் அட்டவணை போடுவதை) நிறுத்துங்கள். பேஜ் ஃபைல் (ராம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் கோப்பு) அங்கே இருந்தால் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். ஒன்டிரைவ், டவுன்லோட்ஸ் கோப்புறைகளும் அங்கே வேண்டாம்.

எங்களைக் கேட்டால், அந்த ஹார்ட் டிஸ்க்கை வெளியே எடுத்து ஒரு யூஎஸ்பி உறையில் போடுவதே மேல். படம், பாட்டு, பழைய கோப்பு தேவைப்படும்போது செருகிக்கொள்ளலாம். லேப்டாப்பின் எடையும் குறையும்.

கேள்வி: இரவு மூடி வைத்தால் காலையில் 35 சதவீதம் போயிருக்கிறது. எஸ்எஸ்டி மாற்றுவதற்கு முன் 5 சதவீதம்கூடப் போகாது.
— வாசகர், ஜார்ஜ்டவுன்

பதில்: உங்கள் லேப்டாப் பழைய பாணித் தூக்கம் தூங்குவதில்லை. கமாண்ட் பிராம்ப்ட்டில் 'பவர்சிஎஃப்ஜி', இடைவெளி, சாய்கோடு, 'ஏ' அடித்துப் பாருங்கள். கிடைக்கும் தூக்க நிலைகளின் பட்டியலில் 'ஸ்டேண்ட்பை எஸ்0 லோ பவர் ஐடில்' என்று வந்தால் இது மாடர்ன் ஸ்டேண்ட்பை, அதாவது கைப்பேசி போல அரைத் தூக்கம். இந்த முறையில் டிஸ்க் ஒழுங்காகத் தூங்கினால்தான் மற்றதெல்லாம் தூங்கும். அதே கட்டளையில் 'ஏ'-க்குப் பதில் 'ஸ்லீப்ஸ்டடி' போட்டால் (இதற்கு அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்க வேண்டும்) எந்த இரவில் எவ்வளவு இறங்கியது, எது விழித்திருந்தது என்று அறிக்கை வரும். அங்கே ஸ்டோரேஜ் அல்லது பிசிஐ தொடர்பான பெயர் முன்னால் நின்றால் மேலே சொன்ன ஃபர்ம்வேர், டிரைவர் வேலைகளைச் செய்யுங்கள்.

அதுவரை மூடியை மூடினால் ஹைபர்னேட் ஆகும்படி (ராமில் உள்ளதை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணையும்படி) வைத்துவிடுங்கள். இரவு முழுக்க இறக்கம் ஏறக்குறைய இருக்காது, காலையில் கிளம்பச் சில விநாடி கூடும். தினமும் எழுதினால் எஸ்எஸ்டி தேய்ந்துவிடுமே என்ற பயம் வேண்டாம். 16 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் ஹைபர்னேட் கோப்பு இயல்பாக அதில் 40 சதவீதம், சுமார் 6.4 ஜிபி. தினம் ஒரு முறை என்றால் ஆண்டுக்கு 2.3 டிபி. நல்ல 1 டிபி எஸ்எஸ்டிகள் பலவற்றுக்கு எழுதும் உத்தரவாதம் 600 டிபி.

கேள்வி: உபுண்டு லினக்ஸ் பயன்படுத்துகிறேன். புது எஸ்எஸ்டி அடிக்கடி உறைந்துபோனதால் இணையத்தில் பார்த்து கெர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதிக்கு) ஒரு வரி சேர்த்தேன். உறைவது நின்றது, பேட்டரி குறைந்தது.
— பல்கலைக்கழக மாணவர், பினாங்கு

பதில்: நீங்கள் சேர்த்தது என்விஎம்இயின் 'மேக்ஸ் லேட்டன்சி'யை (டிஸ்க் தூங்கி எழ அனுமதிக்கும் உச்ச தாமதத்தை) பூஜ்யமாக்கும் வரியாகத்தான் இருக்கும். டிஸ்க் தானாகத் தூங்கும் ஏபிஎஸ்டி வசதியை அது முழுவதுமாக அணைக்கிறது. சில டிஸ்க்குகள் மிக ஆழமான தூக்கத்திலிருந்து எழத் தடுமாறும். அதற்காக எல்லாத் தூக்கத்தையும் பறிக்க வேண்டியதில்லை. என்விஎம்இ-சிஎல்ஐ கருவியில் 'ஐடி-சிடிஆர்எல்' கேட்டால் ஒவ்வொரு தூக்க நிலையின் நுழைவு, வெளியேறும் தாமதங்கள் மைக்ரோ விநாடியில் வரும். கடைசி நிலையை மட்டும் விலக்கும்படி, அதற்கு முந்தைய நிலையின் வெளியேறும் தாமதத்தைவிட அதிகமாகவும், கடைசி நிலையின் வெளியேறும் தாமதத்தைவிடக் குறைவாகவும் உள்ள ஓர் எண்ணைப் பூஜ்யத்தின் இடத்தில் போடுங்கள். மின்செலவைக் காட்டும் பவர்டாப் கருவியில் பிராசசர் 'பேக்கேஜ்' நெடுவரிசை சி8 அல்லது அதைவிட ஆழமான (எண் பெரிதான) தூக்க நிலைக்கு இறங்குகிறதா என்று பாருங்கள். சி2, சி3-யிலேயே நின்றால் இன்னும் ஏதோ பிடித்து வைத்திருக்கிறது.

கேள்வி: 30 சதவீதம் காட்டிக்கொண்டே திடீரென அணைகிறது. இதுவும் எஸ்எஸ்டியாலா?
— வாசகி, செராஸ்

பதில்: இல்லை. ஒரு செல் பலவீனமாகியிருக்கிறது, அல்லது பேட்டரியின் கணிப்பு தவறியிருக்கிறது. 100 வரை ஏற்றி, 10-க்கு அருகே இறங்க விட்டு, மறுபடி 100 வரை ஒரே மூச்சில் ஏற்றுங்கள். பிறகும் அப்படியே என்றால் பேட்டரியை மாற்றுங்கள். டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ அடிமூடி இடைவெளி விட்டிருந்தாலோ இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். பேட்டரி வீங்கியிருக்கிறது, சார்ஜ் செய்வதை இப்போதே நிறுத்துங்கள்.

கேள்வி: அடுத்த வாரம் கோலாலம்பூரின் கணினிக் கடை வளாகமான லோயாட் பிளாசா போகிறேன். பேட்டரியைக் கெடுக்காத எஸ்எஸ்டி எது?
— வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வேகத்தை விட்டுவிட்டு, தயாரிப்பாளரின் தரவுத்தாளில் 'எல்1.2' (இணைப்பு ஆழ்ந்து தூங்கும்) நிலையிலோ 'ஐடில்' (சும்மா இருக்கும்) நிலையிலோ எத்தனை மில்லிவாட் என்று தேடுங்கள். அந்த எண்ணே போடாதவர்களிடம் எங்களுக்கு நம்பிக்கை குறைவு. உங்கள் லேப்டாப் ஜென்3 என்றால் உச்ச வேக ஜென்4-க்குக் கூடுதல் ரிங்கிட் தர வேண்டியதில்லை, அந்த வேகம் வராது. மெல்லிய லேப்டாப் என்றால் ஒரு பக்கம் மட்டும் சிப் உள்ளதாகப் பாருங்கள். இரண்டு பக்கமும் சிப் இருந்தாலோ தடித்த ஹீட்சிங்க் (வெப்பத்தைக் கடத்தும் தகடு) ஒட்டியிருந்தாலோ அடிமூடி மூடாமல் போகலாம். எம்.2 என்ற மெல்லிய அட்டை வடிவத்தில் சாட்டாவும் உண்டு, என்விஎம்இயும் உண்டு. நீளமும் 2242 (42 மி.மீ.), 2280 (80 மி.மீ.) என்று மாறும். பழைய டிஸ்க்கின் படத்தைக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு போய்க் கடையில் காட்டுங்கள். அங்கேயே மாட்டச் சொன்னால், திருகைத் தொடும் முன் பேட்டரி கனெக்டரைக் கழற்றுகிறாரா என்று கவனியுங்கள். கழற்றாதவரிடம் லேப்டாப்பைக் கொடுக்காதீர்கள்.